கடல் கிடந்த பாலை

பாலை என்பதற்கெனத் தனி நிலம் இல்லை என்பது நம் முன்னோர் கொண்ட கருத்து. குறிஞ்சிக்கு மலையும், முல்லைக்குக் காடும், மருதத்திற்கு வயலும், நெய்தலுக்குக் கடற்கரையும் வகுத்தவர்கள், பாலைக்கு மட்டும் ஓரிடத்தைச் சுட்டாது விட்டனர். மழை பொய்த்து வெயில் முறுகினால் காடும் மலையும் தம் இயல்பு திரிந்து பாலையாகிவிடும் என்றனர். இராசத்தானத்து மணல் வெளியைப் படத்திலே பார்த்துப் பழகிய மாணவருக்கு இக்கருத்து சற்று விந்தையாகத் தோன்றலாம். மழை பொய்க்காத இடத்திலேயே பாலை உண்டு என்று நான் கூறினால், விந்தை இன்னும் மிகும். அத்தகைய இடம் தொலைவிலே இல்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் ஆலத்தூர் வட்டத்துக் காரை என்னும் சிற்றூரை அடுத்து இருக்கிறது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால், சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் நிலத்தின் ஊடே சாலை செல்லும். கண்ணுக்கு எட்டிய வரை சமவெளிதான். காரையைக் கடந்து கொளக்காநத்தம் செல்லும் வழியில், திடீரென்று நிலம் கிழிந்து கிடக்கும். ஒரு மரம் இல்லை, புல் இல்லை. செந்நிறமும் சாம்பல் நிறமும் வெண்மையும் கலந்த மண் குன்றுகள், ஒன்றை ஒன்று முதுகு உரசி நிற்கும் யானைக் கூட்டம்போல் நிற்கின்றன. அவற்றினிடையே நூற்றுக்கணக்கான ஓடைகள். ஓர் ஓடையில் இறங்கி நாலு திருப்பம் நடந்தால், வந்த வழி மறைந்துவிடும். காலை வெயில் சாய்ந்து விழும்போது சரிவுகள் குங்குமம் கொட்டியதுபோல் சிவக்கின்றன. நடுப்பகலிலோ அந்நிறம் வெளுத்து, கண் கூசுகிறது.

இவ்விடத்துக்கு நான் பலமுறை மாணவரை அழைத்துச் சென்றதுண்டு. ஒருமுறை, ஆடுகளை அப்பால் ஓட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை நிறுத்தி, "இங்கே பார்க்க என்னங்க இருக்கு? புல்லுகூட முளைக்காத மண்ணுங்க, ஐயா" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. ஆட்டுக்கு உதவாத நிலம் அவருக்கு வெறும் மண்தான். நாட்டின் தரிசு நிலக் கணக்கை எடுக்கும் அலுவலரும் ஏறத்தாழ அதையே சொல்கிறார். நீரரித்து ஓடை விழுந்த நிலம் தரிசின் ஒரு வகையாகவே அக்கணக்கில் இடம்பெறுகிறது. வட அமெரிக்காவிலும் இதே கதைதான். தெற்கு டகோட்டாவில் இத்தகைய நிலத்தைக் கண்ட பழங்குடி மக்களும், பின்னர் வந்த பிரெஞ்சு வணிகரும் 'கெட்ட நிலம்' என்றே அதற்குப் பெயரிட்டனர். அப்பெயரே 'பேட்லாண்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் நிலைத்து, இன்று உலகெங்கும் நிலநூலார் வழங்கும் கலைச்சொல் ஆகிவிட்டது. காரையையும் அவர்கள் அப்பெயராலேயே குறிக்கின்றனர்.

பெரம்பலூர் மாவட்டம் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறுகிறது. தார்ப் பாலையின் நடுப்பகுதி இதில் மூன்றில் ஒரு பங்கும் பெறுவதில்லை. அவ்வாறிருக்க, இங்கே மட்டும் ஏன் பயிர் ஏறவில்லை? விடை வானத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. இஃது இறுகிப் பாறையாக முற்றாத களிமண். நனைந்தால் உப்பி, மேற்புறம் பசைபோல் அடைபட்டுவிடும். அதன்பின் பெய்யும் நீர் உள்ளே இறங்காது, வழிந்தோடும். காய்ந்தால் சுருங்கி வெடித்து, மேற்பொருக்கு மாவாய் உதிரும். ஆகவே ஒரு விதை வேர் பிடிக்கும் முன்பே அதன் காலடி மண் நழுவிப் போகிறது. வேர் இல்லாததால் மண் கரைகிறது. மண் கரைவதால் வேர் நிலைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை ஒவ்வோர் ஆண்டும் இவ்வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. மழை இன்மையால் உண்டாவது தார்ப் பாலை. மழையாலேயே செதுக்கப்படுவது காரைப் பாலை.

செந்நிறத்திற்குக் காரணம் இரும்பு. களிமண்ணில் கலந்துள்ள இரும்புச் சத்து காற்றோடும் நீரோடும் கூடித் துருவாகிறது. நம் வீட்டுக் கிணற்றுச் சகடையில் ஏறும் அதே துருதான். சரிவுகளிலே கண்ணாடிச் சில்லுகள்போல் பளபளக்கும் மெல்லிய வெண்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதையும் காணலாம். அவை ஜிப்சம், நகத்தால் கீறினாலே கீறல் விழும் அளவு மென்மையானது.

இனி, அந்தக் களிமண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் கடலின் அடித்தளம். அப்போது இந்தியா, ஆசியாக் கண்டத்தோடு சேர்ந்திருக்கவில்லை. தென்கோளத்தில் அண்டார்க்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்து, வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பிரிவின்போது அதன் கிழக்கு ஓரம் பிளந்து தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளங்களில் கடல் புகுந்தது. அப்பள்ளங்களுள் ஒன்றே இன்று காவிரிப் படுகை எனப்படுவது. நிலநூலார் இக்காலத்தைக் கிரிட்டேசியஸ் காலம் என்பர், இற்றைக்கு 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. ஆறுகள் கொணர்ந்த வண்டல், அமைதியான ஆழமுள்ள நீரில் சிறுகச் சிறுகப் படிந்தது. அதில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடும் பல்லும் வண்டலில் புதைந்தன.

அவற்றைக் காரையின் ஓடைகளில் இன்றும் காணலாம். சுருள் சுருளான வரிகளோடு கல்லாய்ச் சமைந்த ஓடு அம்மோனைட் என்னும் கடலுயிரினுடையது. இதை நீங்கள் முன்பே பார்த்திருக்கக்கூடும். நம் வீடுகளில் பூசைப் பெட்டியில் இருக்கும் சாளக்கிராமம், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்தான். அது காரையில் கிடைப்பதைக் காட்டிலும் இன்னும் பழமையானது. மற்றொன்று பெலம்னைட். துப்பாக்கித் தோட்டாபோல் ஒரு முனை கூர்மையாக, விரற்பருமனில் சிதறிக் கிடக்கும். இது கணவாய் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிரின் உள்ளோட்டுப் பகுதி. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை அறிந்தவர்களுக்கு இவ்வுறவு எளிதில் விளங்கும். சுறாவின் பற்களும், புழுக்கள் தமக்கெனக் கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் குழல்களும் கிடைப்பதுண்டு. அம்மோனைட்டுகள் கிரிட்டேசியஸ் காலத்தின் முடிவில், டைனோசர்கள் அழிந்த அதே ஊழியில், உலகை விட்டு மறைந்தன.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லாஸ் வேகாஸ் நகருக்கருகே சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. 1990-ஆம் ஆண்டு அதைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தனர். அங்குள்ள செம்பாறைகள் ஜுராசிக் காலத்துப் பாலைவன மணல் மேடுகள் இறுகியவை. அதாவது, அது முன்பும் பாலை, இன்றும் பாலை. நம் காரையோ, பாலைபோல் தோன்றும் கடல்! இரண்டையும் சிவக்கச் செய்த இரும்பு மட்டும் ஒன்றே. அந்நாட்டுப் படங்களைக் கண்டு வியக்கும் நம் பிள்ளைகளுள் பலர், அறுபது கல் தொலைவில் இருந்துகொண்டே காரையின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. இஃது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

உலகத்து அறிஞருக்கு இவ்வட்டாரம் புதிதன்று. 1840-களிலேயே கே, கன்லிஃப் என்னும் இருவர் இப்பகுதியிலும் புதுச்சேரிப் பக்கத்திலும் புதைபடிவங்களைத் திரட்டினர். அவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் ஆராய்ந்து எழுதினார். பின்னர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் இளைஞர் இப்பகுதி முழுவதையும் அளந்து ஆராய்ந்து, 1862-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பிற்காலத்தில் இந்தியாவின் வானிலைத் துறையை அமைத்தவரும் இவரே. பாறை அடுக்குகளை அவர் மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அடியிலுள்ளதற்கு ஊட்டத்தூர் என்றும், நடுவிலுள்ளதற்குத் திருச்சிராப்பள்ளி என்றும், மேலுள்ளதற்கு அரியலூர் என்றும் பெயரிட்டார். காரையின் களிமண் ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதால், மேற்கே ஊட்டத்தூரிலிருந்து கிழக்கே அரியலூர், செந்துறை என்று பயணம் செய்பவர் பழமையிலிருந்து புதுமைக்கு, கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கடந்து செல்கிறார். பேருந்தில் போனால் அரை நாளுக்குள் முடிந்துவிடும்.

திரட்டிய படிவங்களை வகைப்படுத்தி விளக்கும் பெரும்பணியை ஃபெர்டினான்ட் ஸ்டாலிச்கா மேற்கொண்டார். இன்று செக் நாடாக உள்ள நிலப்பகுதியில் 1838-இல் பிறந்தவர். தென்னிந்தியாவின் கிரிட்டேசியஸ் உயிர்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல்கள் இன்றும் ஆய்வாளர் கையில் இருக்கின்றன. 1874-இல், நடு ஆசியாவிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் மலைவெளியில் 36 வயதிலேயே உயிர் நீத்தார்.

இத்துணைப் பேர் வந்து ஆராய்ந்த பின் இன்னும் என்ன மிச்சம் என்று கேட்கலாம். ஒரு சான்று கூறுகிறேன். காரையிலிருந்து கொளக்காநத்தம் வரை அடுக்குகளை ஓர் அறிஞர் குழு ஒவ்வொன்றாக அளந்தது. அதே காலத்தில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் படிந்த அடுக்குகளோடு ஒப்பிட்டு, 2002-ஆம் ஆண்டு தன் முடிவை வெளியிட்டது. பல ஆயிரம் கல் இடைவெளியுள்ள இரு கடல்களும் ஒரே காலத்தில் உயர்ந்து ஒரே காலத்தில் தாழ்ந்தன என்பது அம்முடிவு. பூமி ஞாயிற்றைச் சுற்றிவரும் பாதையின் வடிவம் ஏறத்தாழ 4 இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி மாறி வருகிறது. கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்திலும் அதே தாளம் காணப்பட்டது. ஆடு மேய்ப்பவர் வெறும் மண் என்று விட்டுச்சென்ற சரிவில் வான மண்டலத்தின் கணக்கு எழுதப்பட்டிருந்தது.

அக்கணக்கைப் படிக்க உதவியவை அடுக்குகளும், அடுக்குகளிலே பதிந்திருந்த அம்மோனைட்டுகளுமே. எந்த அம்மோனைட் எந்த அடுக்கில், எதற்கு மேலே, எதற்குக் கீழே இருந்தது என்பது தெரிந்தால்தான் அது சான்றாகும். பெயர்த்தெடுத்து மேசைமேல் வைத்துவிட்டால் அஃது அழகிய கல்; அவ்வளவுதான். ஒரு கல்வெட்டிலிருந்து ஓர் எழுத்தை மட்டும் செதுக்கி எடுத்துச் சென்றவன், அரசன் பெயரையும் எடுத்துச் செல்லவில்லை, ஊருக்குக் கொடுத்த நிலத்தின் எல்லையையும் எடுத்துச் செல்லவில்லை. ஆனால் இரண்டையும் பிறர் படிக்க முடியாதபடி செய்துவிட்டான். ஒருநாள் காரையில், சுற்றுலா வந்த கல்லூரிப் பிள்ளைகள் பெலம்னைட்டுகளைப் பை நிறைய அள்ளுவதைக் கண்டேன். தடுத்தபோது ஒரு மாணவி, "மழை பெய்தால் எப்படியும் அடித்துக்கொண்டு போய்விடுமே, ஐயா! நாங்கள் எடுத்தால் என்ன?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. மழை காரையை வெளிக்காட்டுகிறது. அதே மழை அதை அழிக்கவும் செய்கிறது என்பது உண்மை. சரிவிலிருந்து உருண்டு ஓடையடிக்கு வந்துவிட்ட படிவம் தன் இடத்தை ஏற்கெனவே இழந்துவிட்டது. ஆனால் எது உருண்டு வந்தது, எது தன் அடுக்கிலேயே இருக்கிறது என்பதைப் பழகாத கண் அறியாது. ஆண்டுதோறும் ஆயிரம் பேர் ஆளுக்கொன்று எடுத்தால், மழை ஒரு நூற்றாண்டில் செய்வதைச் சில ஆண்டுகளிலேயே நாம் முடித்துவிடுவோம். மழையோ, ஒன்றை அழித்தால் உள்ளிருந்து வேறொன்றைத் திறந்து காட்டுகிறது. நம் பைகள் அதைச் செய்வதில்லை.

அறிந்தவர் கையிலேயே இழப்பு நேர்வதும் உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டின் மண்ணில் டைனோசர் எலும்புகள் இருப்பதை மேட்லி என்னும் ஆங்கிலேயர் 1929-இல் எழுதினார். 1980-களின் இறுதியில் இந்திய நிலவியலார் இருவர், அவ்வூரருகே கிடைத்த மாபெரும் எலும்புகளைக் கொண்டு 'பிருகத்காயோசாரஸ்' என்னும் புதுப் பெயரைச் சூட்டினர். பிருகத்காயம் என்றால் பேருடல். கீழ்க்காலின் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம் எனக் கூறப்பட்டது. உலகில் நடமாடிய விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்று மட்டுமே கூற முடியும். ஏனெனில் அவ்வெலும்புகள் ஈரக் களிமண்ணில் ஊறி உளுத்துப்போயிருந்தன. தோண்டி எடுத்தபின் நொறுங்கிப் பொடியாகிவிட்டன. எஞ்சியவை சில ஒளிப்படங்களும் அளவுக் குறிப்புகளுமே. அவை உண்மையில் எவ்விலங்கின் எலும்புகள் என்று இனி ஒருவரும் மீண்டும் தொட்டுப் பார்க்க இயலாது.

காரைக்குப் பாதுகாப்பே இல்லை என்று கூறுவதும் தவறாகும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தமிழ்நாட்டில் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாகக் குறித்தவற்றுள் காரை–கொளக்காநத்தம் பகுதியும் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்கள், சென்னைப் பரங்கிமலையின் சார்னோகைட் பாறை, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரம் ஆகியவை மற்றவை. சாத்தனூர் மரத்தை 1940-இல் கண்டறிந்தவர் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். 18 மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. ஆறு அடித்துவந்து கடலில் விட்ட மரம், மண்ணில் புதைந்து, இழை இழையாக மரச்சத்து நீங்கி, அதன் இடத்தில் சிலிக்கா ஏறிக் கல்லாகியது. அதைச் சுற்றி வேலி உண்டு. பார்வையாளருக்கு விளக்கப் பலகை உண்டு. ஒரு மரத்திற்கு வேலி போடலாம். ஓடையும் சரிவுமாகப் பரந்து கிடக்கும் ஒரு நிலத்திற்கு, அதுவும் ஆண்டுதோறும் உருமாறும் நிலத்திற்கு, எவ்வாறு வேலி போடுவது?

அமெரிக்கர் தம் அரசு நிலங்களில் உள்ள தொல்லுயிர்ப் படிவங்களுக்கென 2009-இல் தனிச் சட்டம் இயற்றினர். நம் நாட்டில் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் நிலவியல் மரபிடங்களைக் காப்பதற்கான சட்ட வரைவு ஒன்றை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. எல்லா அதிகாரமும் ஒரே துறையிடம் குவிகின்றது, தனி ஆய்வாளரின் கை கட்டப்படும் என்று அறிஞர் சிலர் அதைக் குறை கூறினர். அக்குறையில் நியாயம் உண்டு என்றே நான் எண்ணுகிறேன். எனினும், எந்தச் சட்டமும் இல்லாதிருப்பதைவிடக் குறையுள்ள சட்டத்தைத் திருத்திக்கொள்வது எளிது.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுரங்கங்களை மட்டும் பகைவராகக் காட்டிப் பேசுவோர் உண்டு. நான் அவ்வாறு பேச மாட்டேன். சிமெண்டு ஆலைகளுக்காக அகழ்ந்த பள்ளங்களே, மண்ணுக்கடியில் மறைந்திருந்த சிப்பிப் படுகைகளை நிலநூலாருக்குத் திறந்துகாட்டின. கல்லங்குறிச்சிச் சுரங்கச் சுவர்களில் சிப்பிகள் கொத்துக் கொத்தாகத் தெரிவதைக் கண்டவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். வேண்டுவது, வெட்டுவதற்கு முன் அறிந்தவர் ஒருவர் வந்து பார்த்துக் குறித்துக்கொள்ளும் வழக்கம். காரைக்கோ, வேறொரு திசையிலிருந்தும் இடர் வரக்கூடும். அது நல்லெண்ணத்தின் வழியே வருவது. தரிசு என்று கண்டவுடன் மரம் நடவும், ஓடையின் குறுக்கே அணை கட்டவும் கை துறுதுறுக்கிறது. வேறிடங்களில் இவை போற்றத்தக்க பணிகளே. இங்கு அவை வெற்றி பெற்றால், சரிவுகள் புதர் மூடிப் போகும். மழை புதிய அடுக்குகளைத் திறந்து காட்டுவது நின்றுவிடும்.

போய்ப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்குச் சில சொற்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சேறு உலர்ந்த தை, மாசி மாதங்களே ஏற்ற காலம். மழை நாளில் களிமண் காலை விடாது. சித்திரை வெயிலில் நிழலுக்கு ஒரு முள்மரமும் கிடைக்காது. ஞாயிறு எழுந்த சிறிது நேரத்திற்குள் அங்கே இருங்கள். சாய்ந்த ஒளியில் படிவங்களின் நிழல் நீண்டு விழுவதால், நண்பகலில் காண முடியாதவை அப்போது புலப்படும். குடிநீரை உடன் கொண்டு செல்லுங்கள். சரிவுகளின் மேல் ஏறாமல், ஓடைகளின் அடியிலேயே நடங்கள். சுத்தியல் வேண்டா. குறிப்பேடு, பென்சில், அளவுகோல் இருந்தால் போதும். ஒரு படிவத்தைக் கண்டால் அருகே அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அது எந்நிற அடுக்கில் இருந்தது என்று எழுதிக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கையில் எடுத்துப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, அரியலூருக்கு அருகே வாரணவாசியில் அரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் காரை, வெயில் ஏறியபின் சாத்தனூர்க் கல்மரம், பிற்பகலில் வாரணவாசி என்று அமைத்துக்கொண்டால், இருட்டுவதற்குள் திருச்சிக்குத் திரும்பிவிடலாம்.